உங்கள் அறிக்கையில் உள்ள சொற்கள்: பெருங்குடல் புற்றுநோய் குறித்த ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் கற்பிப்பவை

பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரின் கைக்குச் சில நாள்களில் ஒரு நோய்க்குறியியல் அறிக்கை வந்து சேர்கிறது. கட்டியின் அளவு, அது பரவிய ஆழம், நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மருத்துவர் விளக்கிவிடுகிறார். அவற்றுக்குக் கீழே 'எம்.எல்.எச்.1', 'எம்.எஸ்.எச்.2', 'எம்.எஸ்.ஐ.', 'கே-ராஸ்' என்று சில சொற்கள் இருக்கும். பல குடும்பங்கள் அந்தப் பகுதியைப் படிக்காமலே கோப்பில் வைத்துவிடுகின்றன. ஆனால் எந்த மருந்து பயன்தரும், எது பயன்தராது, நோயாளியின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவையா என்ற கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் அந்த வரிகளிலேயே இருக்கிறது.

அச்சொற்களின் பொருளை அறிய ஒரு வழி, அவை மருத்துவத்திற்குள் வந்த வரலாற்றைப் பின்தொடர்வதாகும். அந்த வரலாற்றின் பெரும்பகுதி ஓர் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலில் தொடர்ச்சியாகக் காணக்கிடைக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் வோகெல்ஸ்டீன்தான் அவர். அவருடைய கட்டுரைகளுள் சிலவற்றை இப்பாடத்தில் ஆண்டு வரிசையில் காண்போம்.

ஏன் பெருங்குடல்?

1949இல் பிறந்த வோகெல்ஸ்டீன், ஜான்ஸ் ஹாப்கின்ஸிலேயே மருத்துவம் பயின்று குழந்தைகள் நல மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். இரத்தப் புற்றுநோயுடன் வந்த ஒரு குழந்தையின் பெற்றோர், 'எங்கள் குழந்தைக்கு இது ஏன் வந்தது?' என்று கேட்டபோது விடைகூற இயலாமல் நின்றதே தம்மை ஆய்வின் பக்கம் திருப்பியது என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

குழந்தை மருத்துவராகிய அவர், பெரும்பாலும் முதியோருக்கு வரும் பெருங்குடல் புற்றுநோயைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பல புற்றுநோய்கள் முற்றிய பின்னரே கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றின் இளமைப் பருவத்தை ஆராய்வது அரிது. பெருங்குடலில் அவ்வாறில்லை. குடலின் உட்சுவரில் முதலில் 'பாலிப்' எனப்படும் சிறு சதைமுளை தோன்றுகிறது. பாலிப்புகளில் 'அடினோமா' என்னும் வகை, தொடக்கத்தில் தீங்கற்றதே. அவற்றுள் சிறுபகுதி மட்டும் காலப்போக்கில் பெரிதாகி, இறுதியில் புற்றுநோயாகிறது. சிறிய பாலிப், பெரிய பாலிப், புற்றுநோய் ஆகிய எல்லாப் படிநிலைகளிலும் திசுவை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க இந்த உறுப்பு இடந்தருகிறது.

1988: 172 திசு மாதிரிகள்

இந்த ஒப்பீட்டின் முடிவுகளை வோகெல்ஸ்டீனும் உடன் ஆய்வாளர்களும் 1988ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டனர். நோயாளிகளிடமிருந்து அகற்றப்பட்ட 172 திசு மாதிரிகளை அவர்கள் ஆராய்ந்திருந்தனர். அவற்றுள் 80 அடினோமா பாலிப்புகள். 92 புற்றுநோய்க் கட்டிகள்.

செல்லைப் பெருகுமாறு தூண்டும் 'ராஸ்' மரபணுக்களின் மாற்றம், 1 சென்டிமீட்டருக்கும் சிறிய பாலிப்புகளில் 9 விழுக்காட்டில் மட்டுமே காணப்பட்டது. அதைவிடப் பெரிய பாலிப்புகளில் அது 58 விழுக்காடாக இருந்தது. பதினேழாம் குரோமோசோமின் ஒரு பகுதி இழக்கப்படுவதோ பெரும்பாலும் புற்றுநோய்க் கட்டிகளில்தான் தென்பட்டது. அவற்றில் 75 விழுக்காட்டில் அந்த இழப்பு இருந்தது.

புற்றுநோய் ஒரே இரவில், ஒரே அடியில் வருவதன்று என்பதே இந்த எண்களின் பொருள். ஒரு செல்லில் ஒரு மாற்றம் நேர்கிறது; அதன் வழித்தோன்றல்களில் இன்னொன்று சேர்கிறது; பிறகு மற்றொன்று. மாற்றங்கள் போதிய அளவு சேர்ந்த பின்னரே அது புற்றுநோயாகிறது. 1990இல் எரிக் ஃபியரனுடன் இணைந்து 'செல்' இதழில் எழுதிய கட்டுரையில் வோகெல்ஸ்டீன் இதனை ஒரு படிக்கட்டாக வரைந்து காட்டினார். மாற்றங்கள் எந்த வரிசையில் நேர்கின்றன என்பதைவிட, அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதே முதன்மையானது என்றும் அக்கட்டுரை கூறியது.

'நான் என்ன தவறு செய்தேன்? எதைச் சாப்பிட்டதால் இது வந்தது?' என்று தம்மையே குற்றஞ்சாட்டிக்கொள்ளும் நோயாளிகள் இதனை அறிந்துகொள்ள வேண்டும். உணவும் பழக்கங்களும் நோயின் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பது உண்மை. ஆயினும் ஒரு குறிப்பிட்ட நாளில் உண்ட ஒரு பொருளோ, பட்ட ஒரு மனத்துயரமோ இந்நோயைத் தோற்றுவிப்பதில்லை.

1989 முதல் 1991 வரை: காவல் காக்கும் மரபணுக்கள்

பதினேழாம் குரோமோசோமில் இழக்கப்பட்ட அந்தப் பகுதியில் இருந்தது எது? 1989இல் 'சயின்ஸ்' இதழில் வோகெல்ஸ்டீன் குழுவினர் விடை கூறினர். அது 'பி53' என்னும் மரபணு. அதுவரை பி53 புற்றுநோயைத் தூண்டும் மரபணு என்றே கருதப்பட்டு வந்தது. உண்மையில் அது புற்றுநோயைத் தடுக்கும் மரபணு. அது செயலிழக்கும்போதுதான் கேடு விளைகிறது என்று அவர்களுடைய கட்டுரை காட்டியது. மனிதப் புற்றுநோய்களில் மிக அதிகமாக மாற்றமடையும் மரபணுக்களுள் ஒன்று பி53 என்று இன்று நாம் அறிவோம்.

1991இல் 'ஏ.பி.சி.' மரபணு கண்டறியப்பட்டது. இதில் வோகெல்ஸ்டீன், கென்னத் கின்ஸ்லர், ஜப்பானின் யூசுகே நாகமுரா ஆகியோரின் கூட்டுக் குழுவும், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ரே ஒயிட் தலைமையிலான குழுவும் ஒரே காலத்தில் வெற்றி கண்டன. பெற்றோரிடமிருந்து பழுதான ஏ.பி.சி. மரபணுவைப் பெற்றவர்களுக்கு இளம் வயதிலேயே குடலில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில், பாலிப்புகள் தோன்றுகின்றன. சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலும் 40 வயதிற்குள் அவற்றுள் ஏதேனும் ஒன்று புற்றுநோயாகிவிடுகிறது. பரம்பரை நோய் இல்லாத பிற நோயாளிகளின் கட்டிகளிலும் இதே மரபணுதான் பெரும்பாலும் முதலில் பழுதடைகிறது. அரிய குடும்ப நோய் ஒன்றை ஆராயப் புகுந்தவர்கள், எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான முதற்படியைக் கண்டனர்.

1993, 1994: பிழை திருத்தும் மரபணுக்கள்

சில குடும்பங்களில் தலைமுறைதோறும் பெருங்குடல் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் வருவதை மருத்துவர்கள் நெடுநாளாகக் கவனித்து வந்தனர். மிச்சிகனின் நோய்க்குறியியல் வல்லுநர் ஆல்ட்ரெட் வார்த்தின் 1913இலேயே அத்தகைய ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். தம் குடும்பத்தில் பலரைப் போலவே தாமும் புற்றுநோயால் இறந்துவிடுவோம் என்று அவருக்குத் தையல் வேலை செய்துவந்த பெண்மணி கூறியதே அந்த ஆய்வின் தொடக்கம். அப்பெண்மணி அஞ்சியவாறே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். பின்னர் நெப்ராஸ்காவின் ஹென்றி லிஞ்ச் 1960களிலிருந்து பல குடும்பங்களின் வரலாறுகளைத் தொகுத்தார். இது பரம்பரை நோயே என்ற அவருடைய கருத்தைத் தொடக்கத்தில் பலர் ஏற்கவில்லை.

உறுதியான சான்று 1993இல் கிடைத்தது. ரிச்சர்ட் ஃபிஷெல், ரிச்சர்ட் கோலோட்னர் ஆகியோரின் குழுவும், பின்லாந்தின் ஆல்பர்ட் டி லா ஷபேலுடன் இணைந்து பணியாற்றிய வோகெல்ஸ்டீன் குழுவும், அதே ஆண்டு டிசம்பரில் 'செல்' இதழில் சில நாள்கள் இடைவெளியில் தத்தம் கட்டுரைகளை வெளியிட்டன. காரணமான மரபணு 'எம்.எஸ்.எச்.2'. அடுத்த ஆண்டு 'எம்.எல்.எச்.1' கண்டறியப்பட்டது. இதிலும் இரு குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவை எட்டின. இப்பரம்பரை நோய் இன்று 'லிஞ்ச் நோய்க்குறி' எனப்படுகிறது.

இம்மரபணுக்களின் வேலை என்ன? ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது. கையால் படியெடுப்பவர் எழுத்துப்பிழை செய்வதைப் போல அங்கும் பிழைகள் நேரும். அவற்றைத் தேடித் திருத்தும் மெய்ப்புத் திருத்துநர்களே எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 முதலியவை. திருத்துநர் இல்லாதபோது பிழைகள் குவிகின்றன. ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் 'மைக்ரோசாட்டிலைட்' பகுதிகளில் அவை எளிதில் புலப்படுகின்றன. அறிக்கையில் காணும் 'எம்.எஸ்.ஐ. உயர்வு' என்பது அந்தக் குவியலையே குறிக்கிறது.

பெருங்குடல் புற்றுநோய்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் இந்த நிலை காணப்படுகிறது. ஆனால் அவை யாவும் பரம்பரையானவை அல்ல. முதியோரின் கட்டிகளில் எம்.எல்.எச்.1 மரபணு, பரம்பரைப் பழுது ஏதுமின்றியே செயலற்றுப் போவதுண்டு. லிஞ்ச் நோய்க்குறியால் வருபவை மொத்தத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். எனவே 'எம்.எஸ்.ஐ. உயர்வு' என்று கண்டதும் குடும்பமே அஞ்சிவிட வேண்டியதில்லை. அதே வேளையில், அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடவும் கூடாது. பரம்பரையானதா, இல்லையா என்பதைப் பிரித்தறிய அடுத்தகட்டப் பரிசோதனைகள் உண்டு.

பரம்பரையானது என்று உறுதிப்பட்டால், நோயாளியின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அந்த மரபணுப் பழுது வந்திருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பழுது இருப்பவர்கள் அனைவருக்கும் புற்றுநோய் வந்தே தீரும் என்பதில்லை. எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 பழுதுடையவர்கள் பொதுவாக 20 முதல் 25 வயதிற்குள் தொடங்கி, 1 அல்லது 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். பழுது இல்லையென்று தெரிந்தவர்கள் அந்தத் தொடர் பரிசோதனையிலிருந்தும் நெடுநாள் அச்சத்திலிருந்தும் விடுபடுகின்றனர்.

2008: நோய் தரும் கால இடைவெளி

ஒரு பாலிப் புற்றுநோயாக எவ்வளவு காலமாகும்? 2008இல் வோகெல்ஸ்டீன் குழுவினர், ஒரே நோயாளியின் பாலிப், புற்றுநோய், பரவிய கட்டி ஆகியவற்றின் மரபணு மாற்றங்களை எண்ணிக் கணக்கிட்டனர். ஒரு பெரிய பாலிப் முற்றிய புற்றுநோயாக ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகின்றன என்பது அவர்கள் பெற்ற விடை. அந்தப் புற்றுநோயின் செல்கள் பிற உறுப்புகளுக்குப் பரவும் திறனைப் பெறுவதற்கோ 2 ஆண்டுகளுக்கும் குறைவான காலமே போதும்.

இந்த இரு எண்களையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். முதல் எண் நம்பிக்கை தருவது. அந்த நெடுங்காலத்தில் எப்போதேனும் கொலோனோஸ்கோப்பி செய்து பாலிப்பை அகற்றிவிட்டால், அதிலிருந்து வரவிருந்த புற்றுநோய் வராமலே போகிறது. பாலிப்புகளை அகற்றுவதால் புற்றுநோய் பெருமளவு குறைகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த தேசியப் பாலிப் ஆய்வு 1993இலேயே காட்டியிருந்தது. இரண்டாம் எண் எச்சரிப்பது. புற்றுநோய் தோன்றிய பிறகு காலம் நம் பக்கம் இல்லை. மலத்தில் இரத்தம் கண்டால் 'மூலமாக இருக்கும்' என்று தாமே முடிவுசெய்து மாதக்கணக்கில் காத்திருப்பது ஆபத்தானது. 17 ஆண்டுகள் என்பது ஒரு கணிப்பு மட்டுமே; அறிகுறி தோன்றியவர் அதை நம்பித் தள்ளிப்போடலாகாது.

அறிக்கையிலிருந்து மருந்துக்கு

மரபணுக்களைப் பெயரிட்டு அறிவதால் நோயாளிக்கு என்ன பயன்? இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது கே-ராஸ். நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியவர்களுக்கு 'செடுக்சிமாப்' போன்ற மருந்துகள் தரப்படுவதுண்டு. கட்டியில் கே-ராஸ் மாற்றம் இருந்தால் அம்மருந்து பயன்தருவதில்லை என்பதை 2008இல் வேறு ஆய்வாளர்கள் உறுதிசெய்தனர். 1988இல் பாலிப்புகளில் எண்ணப்பட்ட ராஸ் மாற்றமே, இருபது ஆண்டுகளுக்குப் பின், பயனற்ற ஒரு மருந்தின் செலவிலிருந்தும் பக்கவிளைவுகளிலிருந்தும் நோயாளிகளைக் காக்கும் பரிசோதனையாயிற்று. 'உங்களுக்கு இந்த மருந்து வேண்டாம்' என்று மருத்துவர் கூறும்போது, அது சிகிச்சையைக் கைவிடுவதன்று.

இரண்டாவது எம்.எஸ்.ஐ. பிழைகள் குவிந்த செல், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலுக்கு அயலாகத் தோற்றமளிக்க வேண்டும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எண்ணினர். அப்படியானால் அந்த ஆற்றலைத் தூண்டிவிடும் 'பெம்ப்ரோலிசுமாப்' என்னும் மருந்து இவ்வகைக் கட்டிகளில் வேலைசெய்யக்கூடும். டங் லே, லூயிஸ் டியாஸ் ஆகியோர் முன்னின்று நடத்தி, வோகெல்ஸ்டீனும் பங்கேற்ற அந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. முற்றிய பெருங்குடல் புற்றுநோயாளிகளில், பிழைதிருத்தம் பழுதடைந்த 10 பேரில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியது. பழுதடையாத 18 பேரில் ஒருவருக்கும் சுருங்கவில்லை. சிறிய எண்ணிக்கைதான், ஆயினும் வேறுபாடு தெளிவாக இருந்தது. மேலும் ஆய்வுகள் நடந்தபின், 2017இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், புற்றுநோய் எந்த உறுப்பில் தோன்றியது என்று பாராமல், இந்த மரபணுக் குறியை அடிப்படையாகக் கொண்டு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. அவ்வாறு ஒப்புதல் தரப்பட்டது அதுவே முதல்முறை.

2022: இரத்தத்தில் தேடுதல்

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உடலில் புற்றுநோய்ச் செல்கள் எஞ்சியுள்ளனவா என்பதைக் கண்ணால் காண இயலாது. ஆனால் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் கலந்திருக்கலாம். அவற்றைக் கண்டறியும் முறையை வோகெல்ஸ்டீன் குழுவினர் பல ஆண்டுகளாக வளர்த்து வந்தனர். ஆஸ்திரேலிய மருத்துவர்களுடன் இணைந்து நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 455 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். இரத்தப் பரிசோதனையின்படி முடிவெடுத்த பிரிவில் 15 விழுக்காட்டினருக்குக் கீமோதெரபி தரப்பட்டது; வழக்கமான முறையில் முடிவெடுத்த பிரிவில் 28 விழுக்காட்டினருக்குத் தரப்பட்டது. ஆயினும் நோய் திரும்பாமல் 2 ஆண்டுகள் வாழ்ந்தோரின் விகிதம் இரு பிரிவுகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இது குறிப்பிட்ட ஒரு நிலையில் உள்ளவர்களுக்கான முடிவு. இதைக் கொண்டு எவரும் தமக்குரிய கீமோதெரபியைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

கட்டுரைப் பட்டியலை வாசிக்கும் முறை

ஓர் அறிஞரின் கட்டுரைகள் அனைத்தும் காலத்தால் நிலைத்து நிற்பதில்லை. பதினெட்டாம் குரோமோசோமில் இழக்கப்படும் முக்கிய மரபணு 'டி.சி.சி.' என்று 1990இல் வோகெல்ஸ்டீன் குழுவினர் எழுதினர். பின்னர் அதே பகுதியில் 'ஸ்மாட்4' என்னும் வேறொரு மரபணு கண்டறியப்பட்டு, இழப்பின் விளைவுகளுக்கு அதுவே பெரிதும் காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. பெரிய ஆய்வாளர் கூறிவிட்டார் என்பதால் ஒன்று முடிந்த முடிபாவதில்லை. பிற குழுக்களும் தனித்தனியே அதே முடிவை எட்டும்போதுதான் அது உறுதிப்படுகிறது. ஏ.பி.சி., எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 ஆகியவை அவ்வாறு உறுதிப்பட்டவை.

புற்றுநோய்க்குத் தீர்வு கண்டுவிட்டதாகக் கைப்பேசியில் செய்திகள் வரும்போதும் இதே அளவுகோலைப் பயன்படுத்துங்கள். ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா, எலிகளிடமா? எத்தனை பேர் பங்கேற்றனர்? வேறொரு குழு அதை உறுதிசெய்ததா? இக்கேள்விகளுக்கு விடையில்லாத செய்தியை நம்பிச் சிகிச்சையை மாற்றாதீர்கள்.

மேற்கூறிய கட்டுரைகளுக்கெல்லாம் அடிப்படை, நோயாளிகள் வழங்கிய திசுவும் இரத்தமும் குடும்ப வரலாறும் என்பதையும் மறவாதிருப்போம். அவர்களுள் பலர், தமக்குப் பயன்படாது என்று அறிந்தும் வழங்கினர்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அடுத்த முறை வரும்போது அறிக்கையின் படியைத் தவறாமல் கொண்டுவாருங்கள். பின்வரும் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு கேட்கலாம்:

1. என் கட்டியில் பிழைதிருத்தும் மரபணுக்களுக்கான பரிசோதனை, அல்லது எம்.எஸ்.ஐ. பரிசோதனை, செய்யப்பட்டதா? முடிவு என்ன?

2. முடிவு இயல்புக்கு மாறாக இருந்தால், அது பரம்பரையானதா என்று அறிய அடுத்து என்ன செய்ய வேண்டும்? மரபணு ஆலோசகரை நான் காண வேண்டுமா?

3. நோய் பரவியிருந்தால், கே-ராஸ் உள்ளிட்ட பரிசோதனைகளின் முடிவு என் மருந்துகளை எவ்வாறு மாற்றுகிறது?

4. என் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் எந்த வயதில் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும்?

நான்காம் கேள்விக்குப் பொதுவாகக் கூறப்படும் விடை ஒன்று உண்டு. பரம்பரை மரபணுப் பழுது எதுவும் கண்டறியப்படாத குடும்பத்திலும், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், மற்றவர்கள் 40 வயதில், அல்லது நோய் கண்டவரின் அப்போதைய வயதுக்கு 10 ஆண்டுகள் முன்பாக, இவற்றுள் எது முந்தியதோ அப்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும். தந்தைக்கு 45 வயதில் நோய் கண்டறியப்பட்டிருந்தால் பிள்ளைகள் 35 வயதில் தொடங்குவது முறை.

தம் நோயைப் பற்றி உறவினரிடம் பேசப் பலர் தயங்குகின்றனர். மகளின் திருமணப் பேச்சு கெட்டுவிடுமோ, தம்பி வீணாகக் கவலைப்படுவானோ என்ற எண்ணங்கள் இயல்பானவையே. ஆனால் அந்தத் தம்பியின் குடலில் இன்று ஒரு பாலிப் இருக்குமாயின், அதை அகற்றுவதற்கு உரிய காலம் இதுவே. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், அடுத்த முறை அவரையும் உடன் அழைத்து வாருங்கள். உங்கள் அறிக்கையை முன்வைத்து மருத்துவரே அவருக்கு விளக்குவார்.